கல்லீரலுக்கு எந்த மூலிகை? கீழாநெல்லி, கரிசாலை, மில்க் திசில், மஞ்சள், சீந்தில்: ஓர் ஒப்பீடு

"கீழாநெல்லி அரைத்துக் குடிக்கலாமா, இல்லை மில்க் திசில் மாத்திரையே வாங்கிவிடலாமா?" கல்லீரல் பற்றி வரும் கேள்விகளில் பாதி இதுதான். கேட்பவர்களில் ஒருவருக்கு ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்திருக்கும். இன்னொருவருக்கு ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி (கல்லீரல் கெடும்போது ரத்தத்தில் ஏறும் நொதி) 80-ஐத் தாண்டியிருக்கும். மூன்றாமவருக்குக் கண் மஞ்சளாகியிருக்கும். மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. மூன்றாமவருக்கு இந்தக் கேள்வியே தவறான கேள்வி.

எந்த மூலிகை என்று பார்ப்பதற்கு முன் எந்த நோய் என்று தெரிந்தாக வேண்டும். அதைத் தாண்டிய பிறகுதான் கீழே உள்ள ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

## நோய் தெரியாமல் மூலிகை வேண்டாம்

மஞ்சள் காமாலை என்பது நோயின் பெயரல்ல, ஓர் அறிகுறி. அதன் பின்னால் இருப்பது எது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் கிருமிகளால் வரும் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பிலிருபின் (காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் நிறமி) உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும் மூன்றாவது வாரத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். காமாலை மருந்துகளின் புகழில் ஒரு பெரிய பங்கு இப்படிக் கிடைத்தது. (ஈ வகை கர்ப்பிணிகளுக்கு உயிராபத்தானது. அவர்கள் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.)

ஹெபடைடிஸ் பி நாள்பட்டு நின்றால் டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் கிருமியைக் கட்டுக்குள் வைக்கும். ஹெபடைடிஸ் சி-க்கு இன்று 8 முதல் 12 வார மாத்திரையில் 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். இந்த இரண்டுக்கும் மூலிகையை மாற்றாக வைத்து ஒப்பிடுவதே நியாயமில்லை.

பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்து வரும் காமாலையில் மலம் வெளுத்துப் போகும், சிறுநீர் கருத்துப் போகும், உடம்பெல்லாம் அரிக்கும். இங்கே பித்தத்தைத் தூண்டும் மூலிகை உதவாது, அடைப்பின் மேல் அழுத்தத்தைக் கூட்டும். எண்டோஸ்கோப்பியோ அறுவை சிகிச்சையோதான் வழி.

பிலிருபின் மட்டும் 1.5, 2 என்று கொஞ்சம் ஏறி, மற்ற எல்லா அளவும் சரியாக இருந்தால் அது கில்பர்ட் நிலையாக இருக்கலாம். பிறவியிலேயே வருவது, தீங்கில்லாதது, மருந்தே தேவையில்லாதது. இவர்கள் ஆண்டுக்கணக்கில் கசாயம் குடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. பச்சிளம் குழந்தைக் காமாலைக்கு எந்த மூலிகைச் சாறும் கூடாது. சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கு ஒளிச் சிகிச்சைதான்.

வயிறு வீங்குதல், கால் வீக்கம், ரத்த வாந்தி, கருப்பு மலம், பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், பேச்சுக் குழறல், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) 1.5-க்கு மேல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மிஞ்சுபவர்கள் யார்? காரணம் தெரிந்து, ஆபத்து அறிகுறி இல்லாமல், எஸ்ஜிபிடி லேசாக ஏறியிருப்பவர்கள்; கொழுப்புக் கல்லீரலுக்கு உணவு, நடையோடு கூட ஒரு துணை தேடுபவர்கள். ஒப்பீடு இவர்களுக்காக.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து அளவுகோல்கள் போதும்.

மனிதர்களிடம் நிரூபணம். எலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்துக் கல்லீரலைக் கெடுத்து, கூடவே மூலிகையும் கொடுத்து, "பாதுகாத்தது" என்று முடிக்கும் ஆய்வுகள் ஏராளம். அந்தச் சோதனையில் தேறாத மூலிகையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் அதற்கு மதிப்பெண் கிடையாது.

செடி அதுதானா? பெயர் ஒன்று, பொட்டலத்தில் இருப்பது வேறு என்பது மூலிகையில் சர்வசாதாரணம்.

அளவு நிலையானதா? இன்று குடிக்கும் சாறும் நாளை குடிக்கும் சாறும் ஒரே வீரியமா?

கல்லீரலுக்கே கேடு செய்யுமா? முரணாகத் தோன்றினாலும் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கல்லீரலுக்கு நல்லது என்று பேரெடுத்த சில மூலிகைகளே கல்லீரல் அழற்சியோடு ஆட்களை மருத்துவமனையில் சேர்த்திருக்கின்றன.

மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா? சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது தனிக் கணக்கு.

## கீழாநெல்லி

புகழில் முதலிடம் இதற்குத்தான். அந்தப் புகழுக்கு அறிவியல் ஆதரவும் ஒரு காலத்தில் கிடைத்தது. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1988-ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வெவ்வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்த முடிவு திரும்ப வரவில்லை. 2011-ல், பல சோதனைகளைச் சேர்த்து எடைபோட்டு வந்த காக்ரேன் தொகுப்பாய்வும், வெற்று மாத்திரையைவிட இது மேல் என்று சொல்ல நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றே முடித்தது. 1988-க்கு மேல் படிக்காதவர்கள்தான் இன்றும் "கீழாநெல்லி பி-யைக் குணப்படுத்தும்" என்று எழுதுகிறார்கள்.

ஆக, கிருமியை ஒழிக்கும் மருந்தாக அதை நம்ப முடியாது. ஆனால் சாதகமான பக்கமும் உண்டு: இந்தப் பட்டியலில் கல்லீரலுக்கே கேடு செய்ததாகக் குறைவாகப் பேசப்படுபவற்றில் இதுவும் ஒன்று.

செடியை அடையாளம் காண்பது கொஞ்சம் பொறுமை கேட்கும். ஒரு சிறு கிளையை மடக்கிப் பின்பக்கம் பாருங்கள். ஒவ்வொரு இலைக்கணுவிலும் சுமார் 2 மி.மீ. அகலத்தில் வழவழப்பான பச்சைக் காய் சிறு காம்பில் தொங்கினால் அது கீழாநெல்லி. காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டி, தண்டும் சிவந்திருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி, வேறு இனம். இலை நீண்டு நுனி நோக்கி அகன்றிருந்தால் மேலாநெல்லியாக இருக்கலாம். பொடியாக்கிய பிறகு இவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய வழியே இல்லை.

பொடி வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதன் முக்கியச் சத்தான ஃபிலாந்தின் இலையில்தான் செறிவாக இருக்கிறது, தண்டில் மிகக் குறைவு. தண்டையும் வேரையும் சேர்த்து அரைத்த பொடி வெளிறிய நிறத்தில், நார் நாராக இருக்கும். நல்ல இலைப்பொடி கரும்பச்சை, நாக்கில் வைத்தால் கசக்கும்.

அளவு: ஆயுர்வேத மருந்தியல் நூல் சொல்வது நாளுக்கு 10–20 மி.லி. சாறு, அல்லது 3–6 கிராம் பொடி. பச்சைச் செடியில் முக்கால் பங்குக்கு மேல் நீர். 100 கிராம் காய்ந்தால் 20–25 கிராம்தான் மிஞ்சும். "ஒரு கைப்பிடி" என்பதைப் பொடிக்கும் பச்சைச் செடிக்கும் ஒன்றாக வைத்துக் கொடுப்பது அளவை நான்கு மடங்கு மாற்றிவிடும்.

யாருக்கு ஒத்துவராது: சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரையை மேலும் இறக்கக்கூடும். சிறுநீரைப் பெருக்கும் தன்மையும் உண்டு என்பதால் நீர் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகள் தவிர்க்கலாம்.

## கரிசலாங்கண்ணி

வெள்ளைப் பூ கரிசாலைதான் பெரும்பாலும் பேசப்படுவது. வெடிலோலாக்டோன் என்ற சத்தை வைத்து ஆய்வகத்தில் நிறையச் செய்திருக்கிறார்கள். மனிதர்களிடம் நடந்த தரமான சோதனை மிகக் குறைவு. அடையாளம் எளிது: இலையைக் கசக்கிச் சற்று நேரம் விட்டால் சாறு கருத்துப்போகும். மஞ்சள் கரிசாலை வேறு செடி. அழகுக்குத் தரையில் படரவிடும் மஞ்சள் பூச்செடி ஒன்று அதன் நெருங்கிய உறவு, பார்க்க அப்படியே இருக்கும். அதைப் பறித்து அரைத்துவிடுகிறார்கள்.

இதன் பிரச்சினை செடியில் இல்லை, அது வளரும் இடத்தில். ஈரமான வாய்க்கால் ஓரமும் சாக்கடைக் கரையும் இதற்குப் பிடித்தமான இடங்கள். அந்த மண்ணில் ஈயமும் காட்மியமும் இருந்தால் செடிக்குள் வரும், கழுவினால் போகாது. கிருமியும் வரும். சாறு பச்சையாகக் குடிப்பதென்றால், காமாலைக்கு மருந்து குடிக்கப்போய் கழிவுநீரில் பரவும் ஹெபடைடிஸ் ஏ-யை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பும் சேர்ந்தே வருகிறது. தொட்டியில் தானே வளர்த்ததாக இருந்தால் மட்டும் பச்சைச் சாறு. இல்லையென்றால் கீரையாக வேகவைத்துச் சாப்பிடுவது மேல். மருந்தளவில் சாறு 3–6 மி.லி. போதும், கீழாநெல்லிச் சாற்றின் அளவு இதற்கு வேண்டாம்.

கரிசாலையோடு அயச்செந்தூரம், மண்டூரம் போன்ற இரும்பு மருந்துகள் சேர்த்த கலவைகள் ரத்தசோகைக்கானவை. கல்லீரல் நோயாளிகளில் பலருக்கு ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் அளவு) ஏற்கெனவே ஏறியிருக்கும். அவர்களுக்கு இரும்பைக் கூட்டுவது எரிகிற அடுப்பில் விறகு வைப்பது.

## மில்க் திசில்

ஐரோப்பிய மரபு மருந்து. ஊதாப் பூவும் முள் நிறைந்த இலையும் கொண்ட செடியின் விதையிலிருந்து எடுக்கும் சிலிமாரின்தான் இதன் சரக்கு. மனிதர்களிடம் அதிகம் சோதிக்கப்பட்ட கல்லீரல் மூலிகை இதுவே. ஆனால் அதிகம் சோதிக்கப்பட்டது என்பதும் அதிகம் பலித்தது என்பதும் ஒன்றல்ல.

1989-ல் வெளிவந்த ஆய்வில் கல்லீரல் சுருக்க நோய் கொண்ட 170 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். 140 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை எடுத்தவர்களில் நான்காண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 58 சதவீதம், எடுக்காதவர்களில் 39 சதவீதம். 1998-ல் குடியால் கல்லீரல் சுருங்கிய 200 பேரிடம் நடந்த சோதனையில் ஆயுளில் வித்தியாசமே தெரியவில்லை. 2012-ல் ஹெபடைடிஸ் சி உள்ள 154 பேருக்கு 420, 700 மி.கி. என்று வழக்கத்தைவிடப் பல மடங்கு, தினம் மூன்று வேளை, 24 வாரம் கொடுத்தும் எஸ்ஜிபிடி வெற்று மாத்திரையை மீறி இறங்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் இதன் மதிப்பு தனி. விஷக்காளான் தின்றவர்களுக்கு இதன் சத்தான சிலிபினினை மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அது வேறு மருந்து, வேறு வழி. கடை மாத்திரைக்கு அந்தப் பெருமையை ஒட்டக் கூடாது.

அப்படியானால் இதை எதற்காகத் தேர்ந்தெடுப்பது? பாதுகாப்புக்காகவும் அளவுக்காகவும். பெரிய அளவில், ஆறு மாதம் கொடுத்தும் பெரிய கேடு எதுவும் வரவில்லை என்பது சின்ன விஷயமில்லை. வயிற்றுப்போக்கு, உப்புசம் கொஞ்சம் வரலாம். செவ்வந்தி, சாமந்தி வகைப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் ஐஎன்ஆரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லேபிள் வாசிப்பதில்தான் பணம் வீணாகிறது. "சாறு 175 மி.கி., சிலிமாரின் 80 சதவீதம்" என்றிருந்தால் கிடைப்பது 140 மி.கி. 1989 ஆய்வில் ஒரு வேளைக்குப் பயன்பட்ட அளவு அதுதான். "மில்க் திசில் விதைப்பொடி 500 மி.கி." என்று மட்டும் இருந்தால், விதையில் சிலிமாரின் 1.5 முதல் 3 சதவீதம் என்பதால் கிடைப்பது 15 மி.கி.யைத் தாண்டாது. பத்தில் ஒரு பங்கு. தேநீராக விற்பது இன்னும் மோசம், சிலிமாரின் தண்ணீரில் சரியாகக் கரையாது.

செடியைத் தானே பறிக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெள்ளை நரம்போடிய முள்ளிலை பிரமதண்டுக்கும் உண்டு. பிரமதண்டின் பூ மஞ்சள், ஒடித்தால் மஞ்சள் பால் வரும், விதை கடுகளவு. அது விஷம். அதன் எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் கால் வீங்கி இதயம் செயலிழந்து இறந்தவர்கள் உண்டு.

## மஞ்சளும் குர்குமினும்

இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதுதான் குழப்பத்தின் வேர். ஒரு கிராம் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 30 மி.கி. இருக்கும். அதில் உடம்பு எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம். ஒரு கேப்ஸ்யூலில் 95 சதவீதச் சாறு 500 மி.கி. என்றால் 475 மி.கி. வருகிறது. அதோடு மிளகிலிருந்து பிரித்த பைப்பரினையும் சேர்த்து, ரத்தத்தில் ஏறும் அளவைப் பல மடங்கு கூட்டுகிறார்கள். சமையல் மஞ்சளின் பாதுகாப்பு வரலாறு இந்தக் கேப்ஸ்யூலுக்குப் பொருந்தாது.

பொருந்தவில்லை என்பது நடந்தும் காட்டியது. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் கேட்டைப் பதிவுசெய்யும் ஆய்வு வலையமைப்பு 2022-ல் மஞ்சள் சார்ந்த 10 பேரைப் பற்றி எழுதியது. அவர்களில் ஒருவர் இறந்தார். 7 பேரிடம் எச்எல்ஏ-பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. அதாவது யாருக்கு வரும் என்பது உடல்வாகைப் பொறுத்தது. நூறு பேருக்கு ஒத்துக்கொண்டது என்பது நூற்றொன்றாவது ஆளுக்கு உத்தரவாதமாகாது. இத்தாலியிலும் 2018–19-ல் இப்படி ஒரு கொத்தாக வந்தது.

கொழுப்புக் கல்லீரலில் குர்குமின் எஸ்ஜிபிடியைச் சற்று இறக்கியதாகச் சிறிய சோதனைகள் இருக்கின்றன. அந்தச் சின்ன ஆதாயத்துக்காக இந்த ஆபத்தை எடுக்கலாமா என்றால், வேண்டாம் என்பதே எங்கள் பக்கம். சமையலில் தாராளமாகப் போடுங்கள். பித்தக்கல் இருப்பவர்கள் மருந்தளவில் எடுக்கவே கூடாது, பித்தப்பையைச் சுருங்க வைக்கும். தூள் பளீரென்று மின்னும் மஞ்சளாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நிறம் கூட்ட ஈயக் குரோமேட் கலப்பது பல நாடுகளில் பிடிபட்ட மோசடி.

## சீந்தில்

கொரோனா காலத்தில் எதிர்ப்பாற்றலுக்கென்று ஆளாளுக்குக் குடித்தது. அதன் விளைவும் அப்போதே தெரிந்தது. 2021-ல் மும்பை மருத்துவர்கள் 6 பேரைப் பற்றி எழுதினார்கள். 2022-ல் இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைத் தொகுத்தன. பலருக்கு வந்தது தன் கல்லீரலைத் தன் எதிர்ப்பாற்றலே தாக்கும் வகை அழற்சி. குடிக்கத் தொடங்கிச் சராசரியாக ஒன்றரை மாதம் கழித்துத்தான் அறிகுறி தெரிந்தது. அதனால்தான் பலருக்குச் சீந்தில் மேல் சந்தேகமே வரவில்லை.

ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்தில் என்று நினைத்து அதே பேரினத்தின் வேறு கொடியைச் சாப்பிட்டிருக்கலாம் என்றது. அந்த வேறு கொடியின் தண்டில் மரு போன்ற கொப்புளங்கள் நிறைந்திருக்கும். சீந்திலின் தண்டில் காகிதம் போல் உரியும் மெல்லிய தோலும் சிறு புள்ளிகளும்தான் இருக்கும். வாதம் எப்படி முடிந்தாலும் வாங்குபவருக்கு நடைமுறையில் ஒன்றுதான்: பொடியில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியப்போவதில்லை.

தைராய்டு அழற்சி, லூபஸ், முடக்குவாதம், சோரியாசிஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும், அந்த நோய் குடும்பத்தில் உள்ளவர்களும், உறுப்பு மாற்றிக்கொண்டவர்களும் சீந்தில் பக்கமே போக வேண்டாம். மற்றவர்களுக்கும் கல்லீரலுக்காக இதைத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல காரணம் தெரியவில்லை.

## கடுகுரோகிணி, நிலவேம்பு

கடுகுரோகிணி இமயத்தில் 3,000 மீட்டருக்கு மேல் வளரும் கிழங்கு. கசப்பில் ராஜா. நாளுக்கு 1–3 கிராம். அதற்கு மேல் போனால் பேதியாகும். காமாலைக்கான பழைய கூட்டு மருந்துகளில் தவறாமல் வரும், ஆனால் மனிதச் சோதனைகள் சிறியவை, சிலவே. காட்டிலிருந்து அளவுக்கு மீறிப் பிடுங்கப்பட்டதால் அதன் பன்னாட்டு வணிகம் சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் பன்னாட்டு) உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் வந்து கட்டுப்படுத்தப்படுகிறது. கிடைப்பது அரிது என்றால் கலப்படம் சுலபம். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஒழியத் தானாக வாங்க வேண்டிய சரக்கல்ல.

நிலவேம்பு கல்லீரலுக்கும் நல்லது என்பார்கள். நிலவேம்புக் குடிநீர் சூரணம் ஒன்பது சரக்குகள் சேர்ந்த காய்ச்சல் மருந்து. தினசரி கல்லீரல் தேநீர் அல்ல. தனி நிலவேம்பு மாத்திரைகளால் மூச்சடைக்கும் அளவுக்குக் கடும் ஒவ்வாமை வந்ததாக ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

## ஒரே பார்வையில்

| மூலிகை | மனிதரிடம் நிரூபணம் | செடி மாறும் ஆபத்து | அளவு நிலைத்தன்மை | கல்லீரல் கேடு | கட்டாயம் தவிர்க்க வேண்டியவர் |
|---|---|---|---|---|---|
| கீழாநெல்லி | கலவை. பி-க்குப் பலனில்லை | நடுத்தரம் | குறைவு | அரிது | சர்க்கரை மருந்து எடுப்பவர், கர்ப்பிணி |
| கரிசாலை | மிகக் குறைவு | மஞ்சள் வகையில் அதிகம் | குறைவு | செடியைவிட மண்ணால் | ஃபெரிட்டின் ஏறியவர் (இரும்புக் கலவை) |
| மில்க் திசில் | அதிகம் சோதித்தது. பலன் சுமார் | மாத்திரையில் குறைவு | நன்று | மிக அரிது | சாமந்தி வகை ஒவ்வாதவர் |
| சமையல் மஞ்சள் | மருந்தாக இல்லை | குறைவு | பொருட்டல்ல | இல்லை எனலாம் | யாருமில்லை |
| குர்குமின் கேப்ஸ்யூல் | சிறியது | குறைவு | நன்று | உண்டு | பித்தக்கல், வார்ஃபரின் |
| சீந்தில் | கல்லீரலுக்கு இல்லை | அதிகம் | குறைவு | உண்டு | தன்னெதிர்ப்பு நோயாளி |
| கடுகுரோகிணி | சிறியது | அதிகம் | குறைவு | அரிது | வயிற்றுப்போக்கு உள்ளவர், கர்ப்பிணி |
| நிலவேம்பு | கல்லீரலுக்குக் குறைவு | நடுத்தரம் | குறைவு | அரிது | ஒவ்வாமை உள்ளவர், கர்ப்பிணி |

## மூலிகையில் இல்லாத, வடிவத்தில் ஒளிந்த செலவுகள்

ஒரே மூலிகை எந்த வடிவத்தில் வருகிறது என்பது சில சமயம் மூலிகையைவிட முக்கியம்.

அரிஷ்டம், ஆசவம் என்று முடியும் மருந்துகள் புளிக்கவைத்துச் செய்தவை. அவற்றில் 5 முதல் 10 சதவீதம் வரை சாராயம் இயல்பாகவே ஊறியிருக்கும். ரோஹீதகாரிஷ்டம், குமார்யாசவம் இரண்டும் கல்லீரலுக்கென்றே கொடுக்கப்படுபவை. வேளைக்கு 25 மி.லி. வீதம் இரு வேளை, 10 சதவீதம் என்று வைத்தால் நாளுக்கு 4 கிராம் சாராயம். குடியால் கல்லீரல் கெட்டு நிறுத்தியவருக்கு அதுவும் அதிகம். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையில் இருப்பவருக்கோ படபடப்பும் வாந்தியும் வரும்.

லேகியத்தில் பாதி வெல்லமோ சர்க்கரையோதான். கொழுப்புக் கல்லீரலுக்கு லேகியம் சாப்பிடுவது ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குவது. பற்பம், செந்தூரம் கலந்த கலவைகளில் உலோகச் சிக்கல் உண்டு. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

சரியாகக் காயாத மூலிகையில் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நேரடியான கல்லீரல் நஞ்சு. நிழலில் மெல்லிசாகப் பரப்பி, தண்டு வளையாமல் பட்டென்று ஒடியும் வரை உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வேகமாகக் காயும், நிறமும் சத்தும் போகும். ஈரவாடை வந்த பொடியை மறுபடி காயவைத்து உபயோகிக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும்.

கடைசியாகப் பத்தியம். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், பருப்பும் முட்டையும் இல்லாமல் வாரக்கணக்கில் கஞ்சி மட்டும் கொடுப்பது காமாலைக்காரரை மெலியவைக்கும். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. அவர்களுக்குப் புரதம் குறைந்தால் தசை கரைந்து நோய் முற்றும். மூலிகை தீங்கு செய்யாத இடத்திலும் பத்தியம் தீங்கு செய்துவிடுகிறது.

## யாருக்கு எது

கொழுப்புக் கல்லீரல், எஸ்ஜிபிடி லேசாக ஏற்றம். முதல் மருந்து எடைக்குறைப்பு. 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு இறங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தழும்பும் தணியத் தொடங்கும். 80 கிலோ இருப்பவருக்கு 4 கிலோவில் தொடங்கி 8 கிலோ வரை. இதற்கு ஈடான மூலிகை இந்தப் பட்டியலில் இல்லை. கூட ஒன்று வேண்டுமென்றால் அளவு தெளிவாக எழுதிய சிலிமாரின். காபியை நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை குடிப்பவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாகக் காணப்படுவதாகப் பல கணக்கெடுப்புகள் தொடர்ந்து சொல்கின்றன. மூலிகை என்று யாரும் அதை மதிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஹெபடைடிஸ் ஏ, தேறிவரும் கட்டம். எதுவும் தேவையில்லை. வீட்டில் ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று நெருக்கினால், தானே அடையாளம் கண்ட கீழாநெல்லி, சொன்ன அளவில், இரண்டு வாரம். வாந்தி நிற்காமல் இருந்தாலோ ஐஎன்ஆர் ஏறினாலோ உடனே நிறுத்தி மருத்துவமனை.

ஹெபடைடிஸ் பி அல்லது சி. மாத்திரைதான். மூலிகை வேண்டுமென்றால் மாத்திரை எழுதும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. சொல்லாமல் எடுத்து எஸ்ஜிபிடி ஏறினால், கிருமி கிளர்ந்ததா மூலிகை கெடுத்ததா என்று பிரிக்கவே முடியாது.

குடியை நிறுத்தியவர். அரிஷ்டம், ஆசவம் எதுவும் வேண்டாம். சிலிமாரின் மாத்திரை தீங்கில்லை, ஆனால் குடியைத் தொடர அதை உத்தரவாதமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

கல்லீரல் சுருங்கியவர். தானாக எதுவும் எடுக்கக் கூடாது, கீழாநெல்லி உட்பட. சாதாரணக் கல்லீரலுக்கு ஒன்றும் செய்யாத அளவே இவர்களை ஐசியுவில் சேர்க்கப் போதும்.

## தொடங்குவதென்றால்

முதல் வேளைக்கு முன் ரத்தம் எடுத்து எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, பிலிருபின், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், அல்புமின், ஐஎன்ஆர் பார்த்து எழுதிவைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மூலிகை. ஐந்தாறு சேர்ந்த "லிவர் டானிக்" எடுத்தால் கெடுத்தது எது என்று கண்டுபிடிக்க முடியாது. நான்காவது வாரம் மறுபடி பரிசோதனை. தொடர்வதென்றால் எட்டாவது வாரம் ஒரு முறை. சீந்தில் கதையில் பார்த்தது போல் கேடு ஒன்றரை மாதம் கழித்தும் தலைகாட்டும், அதனால் இரண்டாவது பரிசோதனையை விடக்கூடாது.

எஸ்ஜிபிடி தொடங்கியபோது இருந்ததைப் போல் இரட்டிப்பானால் நிறுத்துங்கள். 120-ஐத் தாண்டி பிலிருபினும் 2-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மருந்தால் வரும் கல்லீரல் கேட்டில் இந்த இரண்டும் சேர்ந்து ஏறினால் ஏறத்தாழ பத்தில் ஒருவர் பிழைப்பதில்லை. போகும்போது பொட்டலத்தையும் மிச்சப் பொடியையும் கூடவே எடுத்துப் போகவேண்டும். "ஏதோ நாட்டு மருந்து" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பன்னிரண்டு வாரம் ஆகியும் எந்த அளவும் நகரவில்லை என்றால் அந்த மூலிகை அந்த உடம்புக்கு வேலை செய்யவில்லை; அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை, நிறுத்திவிடலாம்.